அரண்மனைக்கும் அரண்மனைக்கும் நட்பு: வேலூர்க் கோட்டையிலிருந்து பார்த்தால் அதன் மதிப்பு என்ன?

பாலாற்றங்கரை (இழையைத் தொடங்கியவர்)

கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் நம் பாலாற்றங்கரை முத்து மண்டபத்தில் அடங்கியிருக்கிறார். 1815 பிப்ரவரி 18 அன்று பிடிபட்டார். மார்ச் 2 அன்று கண்டி ஒப்பந்தம். 1816இல் கப்பலேற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 1832 ஜனவரி 30 அன்று இங்கேயே இறந்தார். அதே கோட்டையில் அவருக்கு முன்னால் இருந்தவர்கள் திப்பு சுல்தானின் பிள்ளைகள். 1799இல் வந்தார்கள். 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சிக்குப் பிறகு கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள்.

இந்த இரண்டு வீட்டுக்கும் வெளி அரச குடும்பங்களோடு பழக்கம் இருந்தது. கண்டி மன்னர்கள் மதுரை நாயக்கர் வீட்டில் பெண் எடுத்தவர்கள். 1739இல் நரேந்திரசிங்கர் வாரிசில்லாமல் இறந்தபோது பட்டத்து ராணியின் தம்பியே அரியணை ஏறினார், அப்படித்தான் கண்டியில் நாயக்கர் வழி தொடங்கியது. ஆனால் மதுரை அரசு 1736லேயே முடிந்துபோயிற்று. பெண் கொடுத்த வீட்டுக்கு நாடே இல்லை என்னும்போது 1815இல் யார் படை அனுப்புவது?

என் கட்சி இது: அரச வீடுகளின் நட்பு போரைத் தடுத்ததில்லை, தடுக்கவும் தடுக்காது. அதன் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. எந்த இடம் என்று பேசுவோம். யார் எழுதினார், யார் கொண்டுபோனார், என்ன திரும்பி வந்தது, எந்த ஆண்டு, இவற்றோடு எழுதுங்கள்.

கோட்டை அகழி

திப்புவை எடுத்துக்கொண்டால் சிக்கல் நட்பில் இல்லை, கடிதம் போன வழியில்தான் இருக்கிறது. 1788 ஆகஸ்டில் அவருடைய மூன்று தூதர்கள் வெர்சாயில் பதினாறாம் லூயியைப் பார்த்தார்கள். கேட்டது படை. கிடைத்தது நல்ல வரவேற்பு, பீங்கான் பாத்திரம், சில கைவினைஞர்கள். பிரான்சின் கஜானா அன்றைக்குக் காலி, அடுத்த ஆண்டே அங்கே புரட்சி.

அடுத்தது துருக்கி சுல்தான் மூன்றாம் செலிம். 1798 செப்டம்பரில் அவர் திப்புவுக்கு எழுதிய கடிதத்தின் சாரம்: பிரெஞ்சுக்காரரை நம்பாதே, ஆங்கிலேயரோடு சமாதானமாக இரு. நெப்போலியன் எகிப்தில் இறங்கியிருந்த நேரம் அது. செலிமுக்கு ஆங்கிலேயக் கப்பற்படை தேவைப்பட்டது. அந்தக் கடிதத்தைத் திப்புவுக்கு அனுப்பி வைத்தவர் யார் தெரியுமா? கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி. 1799 ஜனவரியில் எகிப்திலிருந்து நெப்போலியன் திப்புவுக்கு எழுதிய கடிதமும் செங்கடல் வழியில் ஆங்கிலேயர் கையில் சிக்கிவிட்டது. மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது.

நண்பன் எழுதிய கடிதத்தைப் பகைவன் கொண்டுவந்து கொடுக்கிறான் என்றால் அந்த நட்பு ஏற்கெனவே பகைவன் கையில் இருக்கிறது. அரச நட்பை எடைபோடும்போது முதலில் பார்க்க வேண்டியது கடல் யார் கையில், தபால் யார் கையில் என்பதைத்தான்.

ஆற்காடு கோட்டைவாசல்

அகழி சார் சொன்னது சரி, ஆனால் வழி திறந்திருந்தாலும் பயன்படாத நட்பு ஒன்று நம்ம ஊர்ப் பேரிலேயே இருக்கிறது.

ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா. 1763 பாரிஸ் உடன்படிக்கையின் 11ஆம் பிரிவு அவரைக் கர்நாடகத்தின் சட்டப்படியான நவாப் என்று பெயர் சொல்லி ஒப்புக்கொள்கிறது. ஐரோப்பிய அரசர்கள் கையெழுத்திட்ட தாளில் நம்ம பக்கத்து நவாப் பெயர். அதைப் பிடித்துக்கொண்டு அவர் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தாண்டி நேராக மூன்றாம் ஜார்ஜ் மன்னரோடு பழக நினைத்தார். 1770இல் மன்னரின் பிரதிநிதியாக சர் ஜான் லிண்ட்சே சென்னைக்கு வந்தார். கம்பெனிக் கவுன்சில் அவரோடு ஒத்துழைக்க மறுத்தது. அடுத்த ஆண்டே அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள்.

1777இல் ராணி சார்லட்டுக்கு நவாப் ஐந்து வைரங்கள் கொடுத்தார். அதில் பெரிய இரண்டுக்கும் இன்றுவரை ஆற்காட்டு வைரங்கள் என்றே பெயர். ஒன்று 33.70 காரட், மற்றது 23.65 காரட். இனி தேதியைப் பாருங்கள். வாலாஜா 1795இல் இறந்தார், மகன் உம்தத்-உல்-உம்ரா 1801 ஜூலையில் இறந்தார். அதே மாதக் கடைசியில் கம்பெனி கர்நாடக ஆட்சியை எடுத்துக்கொண்டது. அன்றைக்கு வைரம் வாங்கிய ராணி உயிரோடு இருக்கிறார், அவர் கணவர்தான் மன்னர். ஒரு வார்த்தை வரவில்லை.

காரணம் மனமில்லாமை மட்டுமில்லை. மன்னருக்கும் நவாபுக்கும் நடுவில் கம்பெனி இருந்தது. நவாபுக்குக் கடன் கொடுத்த கம்பெனி ஆட்கள் அதற்கும் நடுவில் இருந்தார்கள். அந்தக் கடன் விவகாரம் 1785இல் எட்மண்ட் பர்க் நாடாளுமன்றத்தில் நீண்ட உரை ஆற்றுகிற அளவுக்குப் போனது. கடனில் இருக்கிறவன் கொடுக்கும் பரிசை யாரும் நட்பாக எடுத்துக்கொள்வதில்லை. வைரங்கள் கடைசியில் 1837இல் விற்பனைக்கு வந்து வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன.

குடியாத்தம் தறி

கடிதம் கடிதம் என்று பேசுகிறோம், அந்தக் கடிதம் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. நட்பின் அளவை அதில்தான் படிக்க வேண்டும்.

இந்திய அரண்மனைகளில் அதற்குப் பெயர் கரீதா. தாளுக்குக் கஞ்சி போட்டு, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றி, மேலே பொன்துகள் தூவுவார்கள். எழுத்தர் பாரசீகத்தில் முதலில் இறைவன் பெயர், பிறகு பெறுபவரின் பட்டங்கள் என்று எழுதிக்கொண்டு போவார். அந்தப் பட்ட வரிசைக்கு அல்காப் என்று பெயர். செய்தி பிறகுதான். முடிந்ததும் ஒடுக்கமாக மடித்து முதலில் மஸ்லின் பையில் போடுவார்கள், அதைச் சரிகை நெய்த கிங்காப் பையில் போடுவார்கள். பட்டுக் கயிற்றால் கட்டி, கயிற்று முனையில் பெரிய அரக்கு முத்திரை.

படிக்கத் தெரிந்தவர் பையைப் பிரிக்கும் முன்பே பாதியைத் தெரிந்துகொள்வார். சரிகை எவ்வளவு, முத்திரை எவ்வளவு பெரிது என்று கண் போகும். பிரித்ததும் முத்திரை தாளின் முன்பக்கமா பின்பக்கமா என்று பார்ப்பார். பெரியவர் சிறியவருக்கு எழுதினால் முன்பக்கம், சிறியவர் எழுதினால் பின்பக்கம். அல்காப்பில் ஒரு பட்டம் குறைந்தாலே சண்டை வரும்.

ஐரோப்பாவிலும் இதே கதை. முடியரசர் இன்னொரு முடியரசருக்கு 'என் சகோதரரே' என்று எழுத வேண்டும், குடியரசுத் தலைவருக்கு 'நல்ல நண்பரே' என்று எழுத வேண்டும். 1852இல் மூன்றாம் நெப்போலியன் பேரரசர் ஆனபோது ரஷ்யாவின் முதலாம் நிக்கலஸ் வேண்டுமென்றே 'நண்பரே' என்று மட்டும் எழுதினார். சகோதரர்கள் தாமாக வாய்ப்பவர்கள், நண்பரை நாம் தேர்ந்தெடுக்கிறோம் என்று சமாளித்தார் நெப்போலியன். மனசில் தைத்தது தைத்ததுதான். ஓராண்டு ஒன்றரை ஆண்டுக்குள் இருவரும் கிரிமியாவில் எதிரெதிர் அணி. அந்தச் சொல்லால் போர் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அரண்மனை மொழியில் நண்பன் என்பது சகோதரனுக்கு ஒரு படி கீழே. தலைப்பில் 'நட்பு' என்று போட்டிருக்கிறீர்களே, அதற்காகச் சொன்னேன்.

மேல்பாடி வாசகன்

எல்லாரும் கடல் கடந்து போய்விட்டீர்கள். நம்ம பழைய வட ஆற்காட்டு மண்ணிலேயே இதற்கு முழுப் பாடம் இருக்கிறது: தக்கோலம், 949. அரக்கோணம் பக்கம், இப்போது ராணிப்பேட்டை மாவட்டம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சோழருக்கும் இராஷ்டிரகூடருக்கும் இரண்டு தலைமுறை மண உறவு. முதலாம் ஆதித்த சோழனின் மூத்த அரசி இளங்கோன் பிச்சி, வல்லவரையர் மகள். இராஷ்டிரகூட அரசனைத்தான் நம்ம கல்வெட்டு வல்லவரையர் என்று சொல்லும். இவளுக்குப் பிறந்தவன் கன்னரதேவன் என்பது ஆய்வாளர்கள் கருத்து. கன்னரன் என்றால் கிருஷ்ணன்தான்: தாத்தா பெயர் கிருஷ்ணன், அதே பெயர் பேரனுக்கு. ஆனால் ஆதித்தனுக்குப் பிறகு 907இல் பட்டம் வேறொரு அரசியின் மகனான முதலாம் பராந்தகனுக்குப் போனது. தாத்தா இரண்டாம் கிருஷ்ணன் படையெடுத்து வந்தான். திருவல்லத்தில் போர், பராந்தகன் வென்றான். வல்லாளம் என்று கல்வெட்டில் வருவது நம்ம திருவல்லம்தான்.

அந்தப் போரில் பராந்தகனோடு நின்றவன் கங்க அரசன் இரண்டாம் பிருதிவீபதி. இவனுக்குப் பெண் கொடுத்துப் பெண் எடுத்த கணக்கு எதுவும் இல்லை, நட்புதான். பராந்தகன் பாணர் நாட்டை வென்று இவனுக்குக் கொடுத்து, பாணாதிராசன் என்று பட்டமும் கொடுத்தான். சோளிங்கர்ப் பாறைக் கல்வெட்டில், பராந்தகனின் 9ஆம் ஆட்சியாண்டில், இதைப் பார்க்கலாம்.

இப்போது இரண்டாவது சம்பந்தம். பராந்தகன் தன் மகள் வீரமாதேவியை இராஷ்டிரகூட நான்காம் கோவிந்தனுக்குக் கொடுத்தான். 936 வாக்கில் கோவிந்தனை அவன் ஆட்களே இறக்கிவிட்டார்கள். மருமகன் மாமனார் வீட்டுக்கு ஓடிவந்தான். வந்தவனைப் போ என்று சொல்ல முடியுமா? ஆனால் அடைக்கலம் கொடுத்த அன்றே இராஷ்டிரகூடத் தலைநகர் மான்யகேடத்தின் புதிய அரச வழிக்குச் சோழன் பகையாகிவிட்டான். அதே நேரத்தில் பிருதிவீபதி இறந்தான், அவன் மகன் முன்னாலேயே போய்விட்டான். கங்க நாடு இரண்டாம் பூதுகன் கைக்குப் போனது. பூதுகன் மனைவி ரேவகநிம்மடி, இராஷ்டிரகூட மூன்றாம் கிருஷ்ணனின் அக்கா. பராந்தகனுக்கு வடமேற்கில் இருந்த காவல் ஒரே ஆளின் சாவோடு எதிரியின் வாசல் ஆகிவிட்டது.

949இல் தக்கோலத்தில் பராந்தகன் மகன் இராசாதித்தனை யானைமேலேயே கொன்றார்கள். 'ஆனைமேற்றுஞ்சின தேவர்' என்று சோழர் கல்வெட்டு மரியாதையாகச் சொல்லும். யானையின் அம்பாரியையே போர்க்களமாக்கிப் பூதுகன் குத்திக் கொன்றான் என்று கர்நாடகத்து ஆதகூர்க் கல்வெட்டு சொல்கிறது. மைத்துனனுக்கு மூன்றாம் கிருஷ்ணன் கொடுத்த கூலி, இந்த நாடுகள்: வனவாசி பன்னீராயிரம், பெள்வொல முந்நூறு, புரிகெரெ முந்நூறு, கிசுகாடு எழுபது, பாகெநாடு எழுபது.

பிறகு வடக்குத் தொண்டைநாட்டுக் கல்வெட்டுகளில் 'கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன்' என்று மூன்றாம் கிருஷ்ணனின் ஆட்சியாண்டைப் போட ஆரம்பித்துவிட்டார்கள். 959இல் அவன் வெளியிட்ட கர்ஹாட் செப்பேடு எங்கே பாசறை போட்டிருந்தபோது எழுதியது? மேல்பாடியில். தென்னாட்டை வென்று, தன் ஆட்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்க அங்கே தங்கியிருந்தான்.

மண உறவு உரிமையை விட்டுப்போகும், உரிமை வழக்காகும், வழக்கு போராகும். நட்பு உரிமை எதையும் விட்டுப்போகாது, ஆனால் ஆளோடு செத்துப்போகும். பராந்தகனை இரண்டும் ஒரே நேரத்தில் கைவிட்டன.

காட்பாடி சந்திப்பு

மேல்பாடி அண்ணா, அருமை. ஒரு சின்னச் சேர்க்கை. தக்கோலத்துக் கதையில் கடைசிவரை நின்ற நட்பும் ஒன்று உண்டு. கேரளத்தில் பிறந்த ஒருவர் இராசாதித்தனின் நண்பர். போர் நாளில் அவர் பக்கத்தில் இல்லை. தலைவனோடு சாகக் கொடுத்துவைக்கவில்லையே என்று வெட்கி, துறவு பூண்டு திருவொற்றியூர் மடத்தில் சதுரானன பண்டிதர் ஆனார். திருவொற்றியூர்க் கல்வெட்டே இதைச் சொல்கிறது.

இன்னொன்று. இரண்டு அரசர்களின் நட்பைத் தமிழில் நேராகப் பாடியது புறநானூறு 58. சோழன் திருமாவளவனும் பாண்டியன் பெருவழுதியும் ஒன்றாக இருக்கும்போது காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனார் பாடினார். வாழ்த்து மட்டுமில்லை அதில். உங்கள் நடுவில் புகுந்து பிரிக்கத் துடிக்கும் அயலாரின் பேச்சைக் கேட்காதீர்கள் என்று எச்சரிக்கிறார். செலிமின் கடிதத்தைக் கொண்டுபோன வெல்லெஸ்லியைப் படிக்கும்போது எனக்கு அந்த வரிதான் நினைவில் நிற்கிறது.

சத்துவாச்சாரி

போரைத் தடுக்காது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டீர்கள். முழுக்கச் சரி என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு நாள் தள்ளிப்போட்ட கணக்கு இருக்கிறது.

1914 ஜூலை 29 முதல் ஆகஸ்ட் 1 வரை ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மும் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கலஸும் தந்தி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். இருவரும் உறவினர்கள். ஆங்கிலத்தில், வில்லி, நிக்கி என்று வீட்டுப் பெயரில் கையெழுத்திட்டு. விவகாரத்தை ஹேக் நீதிமன்றத்துக்கு விடலாம் என்று 29 அன்று நிக்கலஸ் எழுதினார். அதே இரவு வில்ஹெல்மின் தந்தி ஒன்றைப் பார்த்து, கையெழுத்தாகிவிட்ட முழுப் படைதிரட்டு ஆணையை நிறுத்தினார். தளபதிகளும் அமைச்சர்களும் விடவில்லை, பாதிப் படையைத் திரட்டிவிட்டுப் பிறகு மீதியைத் திரட்டினால் ரயில் கால அட்டவணை குழம்பிவிடும் என்றார்கள். 30 பிற்பகல் நிக்கலஸ் அந்த ஆணையை மறுபடி கொடுத்தார். ஆகஸ்ட் 1 மாலை போர் அறிவிப்பு.

ஆக, உறவின் மதிப்பு அங்கே ஏறக்குறைய ஒரு நாள். ஏன் அதற்கு மேல் இல்லை என்றால், தந்தி அடிக்கிறவர் கையில் ரயில் இல்லை.

அடைக்கலத்திலும் பாருங்கள். 1917 மார்ச்சில் பிரிட்டிஷ் அரசாங்கம் நிக்கலஸ் குடும்பத்துக்கு இடம் தர ஒப்புக்கொண்டது. அதைத் திரும்பப் பெறச் சொன்னது அமைச்சரவை இல்லை, மன்னர் ஐந்தாம் ஜார்ஜ். நிக்கலஸின் தாயும் ஜார்ஜின் தாயும் உடன்பிறந்தவர்கள். தன் நாட்டுத் தொழிலாளர் கோபம் தன் அரியணைமேல் திரும்பும் என்று பயந்தார். 1918 ஜூலை 17இல் அந்தக் குடும்பம் கொல்லப்பட்டது. 1919 ஏப்ரலில் நிக்கலஸின் தாயை மட்டும் கிரிமியாவிலிருந்து மார்ல்பரோ என்ற போர்க்கப்பல் கூட்டிவந்தது. இந்தப் பக்கம், தோற்ற வில்ஹெல்ம் 1918 நவம்பரில் நெதர்லாந்துக்கு ஓடினார். 1920இல் நேச நாடுகள் அவரை ஒப்படைக்கச் சொன்னபோது டச்சு அரசாங்கம் மறுத்தது. 1941இல் சாகும்வரை டோர்ன் மாளிகையில்தான் இருந்தார். சித்தி மகனுக்குக் கிடைக்காத இடம் பக்கத்து நாட்டுக்காரருக்குக் கிடைத்தது. நடுநிலை நாடு, சட்டம், அமைச்சரவை முடிவு, இவைதான் தாங்கின.

பாலாற்றங்கரை

சத்துவாச்சாரி அக்கா, ஒரு நாள் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். 'தடுக்காது' என்பதை 'தள்ளிப்போடும், தடுக்காது' என்று மாற்றிக்கொள்கிறேன்.

அடைக்கலத்தில் மட்டும் நம்ம ஊர் இன்னொரு சாட்சி சொல்லும். 1640களில் வேலூரை இழந்த விஜயநகரத்து மூன்றாம் ஸ்ரீரங்கருக்குக் கடைசியில் கைகொடுத்தவர் இக்கேரி சிவப்ப நாயக்கர், பேலூரில் இடம் கொடுத்தார். மதுரை, தஞ்சை, செஞ்சி என்று சொந்த நாயக்கர்கள் மூவரும் விலகி நின்ற நேரம் அது.

என் கட்சியின் முக்கியமான சான்றுக்கு வருகிறேன். கண்டிக்கும் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) இருந்த நட்பு. பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது, எல்லை கிடையாது, வியாபாரம்கூடப் பெரிதில்லை. இலங்கையில் பிக்குகளுக்கு முறைப்படி உபசம்பதா, அதாவது முழுத் துறவுத் தீட்சை, கொடுக்க ஆள் இல்லாமல் போயிற்று. அதற்குக் குறைந்தது ஐந்து பிக்குகள் வேண்டும், அதுவும் முறையாக உபசம்பதா பெற்றவர்கள். முதல் தூது 1741இல் பர்மாவின் பெகு கடற்கரைக்கு அப்பால் கப்பல் உடைந்து முடிந்தது. இரண்டாவது தூது வழியில் இருந்தபோதே ஸ்ரீ விஜய ராஜசிங்கர் 1747இல் இறந்துவிட, பாதியில் நின்றது. மூன்றாவது தூது அவருடைய மைத்துனர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கர் காலத்தில் 1750இல் புறப்பட்டது. சயாமின் அன்றைய தலைநகர் அயோத்தியாவின் மன்னர் போரொம்மகோட், உபாலி தேரர் தலைமையில் பிக்குகளை அனுப்பினார். 1753 ஜூலையில் கண்டி மல்வத்தை விகாரையில் உபசம்பதா நடந்தது. கப்பல் டச்சுக்காரருடையது, அதையும் கவனியுங்கள். கரையோரம் முழுக்க டச்சுக்காரர் கையில் இருந்ததால் கண்டிக்குச் சொந்த வழி கிடையாது. ஆனால் இந்தத் தடவை வழி வைத்திருந்தவனுக்கும் அதில் ஆதாயம் இருந்தது: கண்டி மன்னரின் மனம் குளிர்ந்தால் இலவங்கப்பட்டைத் தோட்டத்தில் தொல்லை குறையும்.

நட்பு தூய்மையாகவே இருந்தது என்று சொல்ல வரவில்லை. 1760இல் கண்டிப் பிரபுக்களும் சில பிக்குகளும் கீர்த்தி ஸ்ரீயைக் கொன்று, சயாமிய இளவரசர் ஒருவரை அரியணை ஏற்றச் சதி செய்தார்கள். மன்னருக்குச் செய்தி எட்டி முறியடித்தார். வந்த கப்பலோடு ஆபத்தும் வரலாம் என்பதற்கு அதைவிட நேரான சான்று வேண்டாம். ஆனாலும் பாருங்கள்: போரொம்மகோட் 1758இல் போனார், அயோத்தியா 1767இல் எரிந்தது, கண்டி அரசு 1815இல் முடிந்தது, அதன் கடைசி மன்னர் நம்ம பாலாற்றங்கரையில் கிடக்கிறார். இலங்கையின் மிகப் பெரிய பிக்கு அமைப்புக்கு இன்றும் சயாம் நிகாயம் என்றுதான் பெயர்.

கோட்டை அகழி

பாலாற்றங்கரை சார், இதே மாதிரி நம்ம சோழர் கணக்கும் இருக்கிறதே. ஸ்ரீவிஜய மன்னர் சூடாமணிவர்மர் பெயரில் நாகப்பட்டினத்தில் விகாரம், அதற்கு இராசராசன் ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக (பௌத்த, சமணப் பள்ளிகளுக்கு விடும் நிலம்) கொடுத்தது 1006 வாக்கில். 1025இல் இராசேந்திரன் அதே ஸ்ரீவிஜயத்தைக் கப்பற்படையால் அடித்தான். 1090இல் குலோத்துங்கன் அதே விகாரத்துக்கு நிலத்தை உறுதிசெய்து செப்பேடு கொடுத்தான். நடுவில் போரே நடந்தும் கொடை அழியவில்லை. நட்பை மனிதரிடம் வைத்தால் ஒரு தலைமுறை, நிலமாகவும் கட்டடமாகவும் வைத்தால் ஒரு போரைத் தாண்டுகிறது என்பதுதான் என் கணக்கு.

ஆற்காடு கோட்டைவாசல்

அகழி சார் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் நிலம் மட்டும்தானா? துருக்கிக் கப்பல் எர்துருலைப் பாருங்கள். 1887இல் ஜப்பானிய இளவரசர் கொமாட்சு இஸ்தான்புல் வந்துபோனார். அதற்குப் பதில் மரியாதையாக 1889இல் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது இந்தக் கப்பலை அனுப்பினார். பழைய மரக்கப்பல், போய்ச் சேரவே பதினொரு மாதம். யோகோஹாமாவில் காலரா. பழுதுபார்த்துவிட்டுப் போங்கள், புயல் காலம் என்று ஜப்பானியர் சொன்னதைக் கேட்காமல் கிளம்பினார்கள். 1890 செப்டம்பர் 16 இரவு கூஷிமோட்டோ அருகே பாறையில் மோதி ஐந்நூறுக்கு மேல் செத்தார்கள். பிழைத்தவர் 69 பேர். தீவு மக்கள் தங்கள் வீட்டில் இருந்த சொற்ப உணவைக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். மேஜி பேரரசர் இரண்டு போர்க்கப்பலில் அவர்களை வீடு சேர்த்தார்.

1985 மார்ச், ஈரான்-ஈராக் போர். தெஹ்ரானில் மாட்டிக்கொண்ட ஜப்பானியர் 215 பேரைத் துருக்கி விமானங்கள் ஏற்றிக்கொண்டு வந்தன. அனுப்பிய சுல்தானகமே 1922இல் ஒழிந்துபோயிருந்தது. சுல்தான் நினைத்தது விளம்பரம். கரையில் நின்ற மீனவர்கள்தான் அதை நட்பாக்கினார்கள்.

சத்துவாச்சாரி

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அரண்மனைகள் கைகுலுக்கினாலும் கீழே இருப்பவர் ஏற்காவிட்டால் நிற்காது. ஜப்பானின் ஹிரோஹிட்டோவுக்கு 1929இல் பிரிட்டன் தன் உயர்ந்த விருதான கார்ட்டரைக் கொடுத்தது. 1941இல் பெயரை நீக்கினார்கள். அந்த விருதுக்காரர்களின் கொடிகள் வின்ட்சர் தேவாலயத்தில் இருக்கைக்கு மேலே வரிசையாகத் தொங்கும். 1915லும் ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கத்து எட்டுப் பேரின் கொடிகளை இப்படித்தான் இறக்கினார்கள். 1971இல் ஹிரோஹிட்டோ லண்டனுக்கு வந்தபோது கொடி மறுபடி ஏறியது. அதே பயணத்தில் கியூ தோட்டத்தில் அவர் நட்ட மரத்தை யாரோ வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். ஜப்பானியச் சிறைமுகாம்களில் செத்தவர்களின் குடும்பங்கள் அந்த நாட்டில் உயிரோடு இருந்தன, கொடி ஏறினதும் அவர்கள் மறந்துவிடுவார்களா?

ஆனால் ஜப்பான் வீடு விடவில்லை. இளவரசர் அகிஹிட்டோ 1953இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்கு லண்டன் போனவர், 2012இல் வைரவிழா விருந்துக்கும் போனார். மகன் நருஹிட்டோ ஆக்ஸ்போர்டில் இரண்டாண்டு படித்தார், 2022 செப்டம்பர் 19 அன்று எலிசபெத்தின் இறுதிச் சடங்கில் இருந்தார். ஜப்பானியப் பேரரசர் வெளிநாட்டுச் சாவுக்குப் போவதே அபூர்வம். அதற்கு முன் 1993இல் பெல்ஜிய மன்னர் போதுவான் சாவுக்கு அகிஹிட்டோ போனார். கல்யாணத்துக்கு ஆள் அனுப்பினால் போதும், சாவுக்கு நேரில் போக வேண்டும் என்று நம்ம பக்கம் இருக்கிற கணக்குதான் அங்கேயும். தேர்தலில் மாறும் ஆட்சிக்கு எழுபது ஆண்டு தொடர்ந்து ஒரே வீட்டுக்கு வந்துபோக வழியில்லை. இன்றைக்கு அதிகாரம் இல்லாத அரச வீடுகள் தம் நாட்டுக்குச் செய்யக்கூடிய பெரிய வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

குடியாத்தம் தறி

அப்படியானால் கண்டி அரியணையும் இந்தக் கணக்கில் வரும். 1693இல் டச்சுக்காரர் கண்டி மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியருக்குக் கொடுத்த பரிசு அது. 1815க்குப் பிறகு வின்ட்சருக்குக் கொண்டுபோனார்கள். 1934இல் ஐந்தாம் ஜார்ஜின் மகன் குளோஸ்டர் கோமகன் கொழும்புக்குக் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்தார். வாங்கிக்கொள்ள அரச வீடு இல்லை, நாடுதான் வாங்கிக்கொண்டது.

காட்பாடி சந்திப்பு

மேல்பாடி அண்ணா, இதையெல்லாம் ஒரே நாளில் நேரில் பார்க்க வழி சொல்லுங்கள்.

மேல்பாடி வாசகன்

தம்பி, காலையில் முத்து மண்டபத்தைப் பார்த்துவிட்டுக் காட்பாடி வழியாகத் திருவல்லம் போங்கள். வில்வநாதேசுவரர் கோயில் சுவரில் பாணர், கங்கர், சோழர் எல்லாருடைய கல்வெட்டும் இருக்கும், வெயில் சாய்வாக விழும் நேரத்தில் எழுத்து நன்றாகத் தெரியும். அங்கிருந்து வடக்கே பொன்னையாற்றங்கரையில் மேல்பாடி. பிற்பகலில் சோளிங்கர். தக்கோலத்தையும் அதே நாளில் சேர்த்தால் எதையும் நின்று பார்க்க முடியாது, அதை அரக்கோணம் பக்கமாகத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மேல்பாடியில் இரண்டு கோயில். பெரியது சோமநாதேசுவரர். எதிரே இருக்கும் சின்னதைத் தவறவிடாதீர்கள். இராசாதித்தனின் தம்பி அரிஞ்சயன் பள்ளிப்படை அது, அதாவது இறந்த அரசன் நினைவாக எடுத்த கோயில். 'ஆற்றூர்த் துஞ்சின தேவர்' என்று கல்வெட்டில் இருக்கும். பேரன் இராசராசன் தன் ஆட்சியின் கடைசி ஆண்டில், 1014 வாக்கில், எடுப்பித்தான். மூன்றாம் கிருஷ்ணன் தொண்டைநாட்டைப் பங்கு போட்டுக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே ஊரில்.